அளவு நாடாவும் அரசாணையும்: இனத் தடைச் சட்டங்களை நாய் வளர்ப்பவர்கள் எதிர்கொண்ட விதம்

2023 அக்டோபர் 31 அன்று பிரிட்டன் அரசு ஒரு நாயின் அங்க இலக்கணத்தை வெளியிட்டது. ஆண் நாயின் தோள் உயரம் குறைந்தது 51 செ.மீ., பெண் நாயின் உயரம் 48 செ.மீ.; கனத்த தலை, அகன்ற மார்பு, குட்டை மயிர், தசை திரண்ட உடல். உயரத்தோடு மற்ற அடையாளங்களில் கணிசமானவை பொருந்தினால் அந்த நாய் ‘எக்ஸ்.எல். புல்லி’. தடை செய்யப்பட்ட வகை. பொருந்துகிறதா என்று பார்க்க அரசு அலுவலர் எவரும் வீடு வீடாக வரவில்லை. வளர்ப்பவரே அளவு நாடாவை எடுத்துத் தம் நாயை அளந்து முடிவு செய்ய வேண்டியிருந்தது. சந்தேகம் இருந்தால் ‘ஆம்’ என்றே வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள் என்றது அரசு. குட்டி வைத்திருந்தவர்கள் அது வளர்ந்தபின் எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்து ஊகித்தார்கள்.

குறிப்பிட்ட நாய் இனங்களைத் தடை செய்யும் சட்டங்கள் குறித்த விவாதம் வழக்கமாக இரண்டு கேள்விகளைச் சுற்றியே நடக்கிறது. அந்த நாய்கள் இயல்பிலேயே ஆபத்தானவையா? தடையால் கடிபடுவது குறைகிறதா? வளர்ப்பவர்கள் என்ன செய்தார்கள் என்பது செய்தியின் கடைசிப் பத்தியில், அழுகையும் ஆவேசமுமான ஒரு படத்தோடு முடிந்துவிடும். அந்தக் கடைசிப் பத்தியை நடுவில் வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். அதற்குக் காரணம் உண்டு. எந்த வீட்டில் எந்த நாய் இருக்கிறது என்ற முழுமையான பதிவேடு பெரும்பாலான ஊர்களில் கிடையாது. இன்ன நாய் இன்ன இனம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி நிறுவுவதும் எளிதல்ல. ஆகவே இச்சட்டங்கள், ‘என்னிடம் அந்த நாய் இருக்கிறது’ என்று வளர்ப்பவர் தாமாக வந்து சொல்வதை நம்பித்தான் ஓடுகின்றன. அவர் சொல்கிறாரா, மறைக்கிறாரா, வேறு பெயர் வைக்கிறாரா, வழக்குத் தொடுக்கிறாரா என்பதில்தான் சட்டத்தின் வெற்றி தோல்வி இருக்கிறது.

சட்டங்கள் பிறந்த வேகம்

இனத் தடைகள் ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் ஒரே மாதிரி பிறந்திருக்கின்றன. ஒரு குழந்தையோ முதியவரோ கொடூரமாகக் கடிபடுகிறார், படம் வெளிவருகிறது, சில வாரங்களில் சட்டம் வருகிறது. 1991 மே மாதம் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் ஆறு வயதுச் சிறுமியை ஒரு பிட்புல் குதறியது. அப்போதைய உள்துறை அமைச்சர் கென்னத் பேக்கர் கொண்டுவந்த ‘ஆபத்தான நாய்கள் சட்டம்’ அதே ஆண்டு ஆகஸ்ட் 12 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டது. பிட்புல் டெரியர், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலெய்ரோ என நான்கு வகைகள் அதில் இருந்தன. 2000 ஜூனில் ஹாம்பர்க் நகரில் ஆறு வயதுச் சிறுவன் இரண்டு நாய்களால் கொல்லப்பட்டான். ஜெர்மனியின் மாநிலங்கள் வரிசையாக இனப் பட்டியல்களை வெளியிட்டன. அமெரிக்காவில் டென்வர் நகரமும் மயாமி-டேட் கவுண்டியும் 1989-லேயே பிட்புல்லைத் தடை செய்திருந்தன. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2005-இல் அவ்வழியில் சென்றது. இத்தாலி 2003-இல் தொண்ணூறுக்கும் மேற்பட்ட இனங்களைப் பட்டியலிட்டது. டென்மார்க் 2010-இல் 13 இனங்களைத் தடை செய்தது.

இந்த வேகத்திற்கு ஒரு விளைவு உண்டு. சட்டம் வரும் நாளில் அந்த நாய்களில் மிகப் பெரும்பாலானவை எவரையும் கடித்திருக்கவில்லை. அவற்றை வளர்த்தவர்களும் வாங்கிய நாளில் எந்த விதியையும் மீறியிருக்கவில்லை. நேற்றுவரை வீட்டில் ஒருவராக இருந்தது இன்று சட்டவிரோதப் பொருள். தாம் செய்த குற்றம் என்ன என்ற கேள்வியோடுதான் அவர்களது எதிர்வினை தொடங்குகிறது. அதன்பின் அது பல திசைகளில் பிரிகிறது.

“இது அந்த இனம் இல்லைங்க”

முதல் திசை, பெயரை மறுப்பது. ட்வைனிங், ஆர்லுக், பாட்ரோனெக் ஆகிய மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் பிட்புல் வளர்க்கும் 28 பேரிடம் பேசி 2000-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஊரார் வெறுக்கும் நாயை வைத்திருப்பவர் அந்த வெறுப்பை எப்படிச் சமாளிக்கிறார் என்பதே அவர்களின் கேள்வி. பதில்கள் ஒரு சிறு அகராதி அளவுக்கு விரிந்தன. சிலர் நாயை வேறு இனம் என்று சொல்லிக்கொண்டார்கள். சிலர் செய்தித்தாள்கள் மிகைப்படுத்துவதாக வாதிட்டார்கள். சிலர் நகைச்சுவையால் கடந்தார்கள். முரட்டுத் தோற்றம் தரும் ஆணிப்பட்டைகளையும் கனமான சங்கிலிகளையும் தவிர்த்தவர்கள் உண்டு. இன்னும் சிலர் தம் நாயை இனத்தின் நல்லெண்ணத் தூதராகவே நடத்தி, அது குழந்தைகளோடு கொஞ்சுவதை நாலு பேர் பார்க்கும்படி செய்தார்கள்.

வேறு இனம் என்று சொல்வது வெறும் தந்திரம் என்று தள்ளிவிட முடியாது. பிரிட்டிஷ் சட்டம் ‘இனம்’ என்று சொல்லாமல் ‘வகை’ என்றது. 1993-இல் உயர் நீதிமன்றமும் ‘வகை’ என்பது இனத்தைவிடப் பரந்தது என்று உறுதி செய்தது. பிட்புல்லின் கணிசமான அடையாளங்கள் தென்பட்டால் போதும். தாய் தந்தை யார் என்பது பொருட்டல்ல. மரபணுச் சோதனையும் முடிவைத் தீர்மானிக்காது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில் ஒன்று தடைக்குள்ளும் மற்றொன்று வெளியிலும் விழலாம். மேலும், அரசு தரப்பு குற்றம் சாட்டிவிட்டால் தன் நாய் அந்த வகை இல்லை என்று நிரூபிக்கும் பாரம் வளர்ப்பவர் தலையில்.

பெல்ஃபாஸ்ட் நகரில் லெனாக்ஸ் என்ற நாயின் வழக்கு இதன் உச்சம். குடும்பத்தினர் அதை அமெரிக்கன் புல்டாக்கும் லாப்ரடாரும் கலந்த நாய் என்றார்கள். 2010-இல் மாநகர அலுவலர்கள் அளவெடுத்து பிட்புல் வகை என்று சொல்லிக் கொண்டுபோனார்கள். யாரையும் கடித்ததாகப் புகார் இல்லை. இரண்டு ஆண்டுகள் வழக்கு நடந்தது. உலகெங்கும் இருந்து கையெழுத்துகள் குவிந்தன. அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் வளர்க்க முன்வந்தவர்களும் இருந்தார்கள். 2012 ஜூலையில் அது கொல்லப்பட்டது. அதன்பின் நாய் வளர்ப்பவர்கள் இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசும் இடங்களிலெல்லாம் லெனாக்ஸின் பெயர் வந்துகொண்டே இருக்கிறது. அளந்து கொல்லும் சட்டம் என்ற எண்ணத்தை அந்த ஒரு வழக்கு ஆழமாக விதைத்துவிட்டது.

கண்ணால் பார்த்து இனம் சொல்வது எவ்வளவு நம்பத்தக்கது? ஃப்ளோரிடாவின் நான்கு காப்பகங்களில் 120 நாய்களை வைத்து நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. காப்பக ஊழியர்களில் ஒருவராவது 62 நாய்களை பிட்புல் வகை என்று குறித்திருந்தார். மரபணுச் சோதனையில் அந்த மரபு தெரிந்தவை 25 மட்டுமே. கால்நடை மருத்துவர்களும் அந்த ஊழியர்களில் அடக்கம். தொழில் தெரிந்தவர்களே இப்படித் தடுமாறும்போது, “இது அந்த இனம் இல்லைங்க” என்று வாசலில் நின்று சொல்பவர் பொய் சொல்கிறாரா, உண்மையிலேயே நம்புகிறாரா என்று பிரிப்பது கடினம். நடைமுறையில் இரண்டும் கலந்தே இருக்கின்றன.

கட்டுப்பட்டவர்கள்

பரவலாகப் பேசப்படாதவர்கள் இவர்கள்தான். எண்ணிக்கையில் இவர்களே மிகுதி என்று நம்ப இடமுண்டு. பிரிட்டனில் 2023 செப்டம்பர் 15 அன்று பிரதமர் ரிஷி சுனக் எக்ஸ்.எல். புல்லிகளைத் தடை செய்வதாக அறிவித்தார். டிசம்பர் 31 முதல் விற்கவோ, இனப்பெருக்கம் செய்யவோ, தானமாகக் கொடுக்கவோ முடியாது. வெளியே அழைத்துப்போனால் கயிறும் வாய்மூடியும் கட்டாயம். 2024 பிப்ரவரி 1 முதல் விலக்குச் சான்று இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். சான்றுக்குக் கட்டணம் 92 பவுண்டு 40 பென்ஸ். அதோடு மைக்ரோசிப், கருத்தடை அறுவை, மூன்றாம் நபர் காப்பீடு. இவ்வளவையும் ஏற்று ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களுக்குச் சான்று பெறப்பட்டது.

அவர்களில் பலர் சட்டத்தை ஏற்காமலேயே கட்டுப்பட்டவர்கள். அறிவிப்பு வந்த அடுத்த வாரமே லண்டனில் ஊர்வலம் போனார்கள். ஊர்வலம் முடிந்து வீட்டுக்கு வந்து வாய்மூடிக்கு அளவெடுத்தார்கள். வாய்மூடி போட்ட நாயோடு தெருவில் இறங்கியதும் எதிரே வருபவர்கள் விலகிப் போகும் அவமானத்தை அவர்கள் முதன்மையான இழப்பாகச் சொன்னார்கள். நாயை ஆபத்தானது என்று எழுதினால், அதைப் பிடித்திருப்பவரின் மேலும் அந்தச் சொல் ஒட்டிக்கொள்கிறது. பிரிட்டனில் இவ்வகை நாய்கள் ஏழைக் குடியிருப்புகளோடும் வேலையற்ற இளைஞர்களோடும் சேர்த்துப் பேசப்பட்டவை. அமெரிக்காவில் பிட்புல் பேச்சில் கறுப்பினத்தவர் மீதான முன்முடிவு கலந்திருப்பதைப் பல ஆய்வாளர்கள் சுட்டியிருக்கிறார்கள். எதிர்ப்பின் சூட்டில் ஒரு பங்கு நாய்க்காக என்றால் இன்னொரு பங்கு இந்த இழிவுக்காக.

கட்டுப்பட்டதன் விலை சமமாகவும் இல்லை. தோட்டத்தோடு சொந்த வீடு வைத்திருப்பவருக்கு வாய்மூடியும் காப்பீடும் சில நூறு பவுண்டுச் செலவு. அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவருக்கு வீட்டுக்காரரின் அனுமதி, அறுவைச் செலவு, வேலைக்குப் போகும் நேரத்தில் நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் என்று கணக்கு நீண்டது. இன்னொரு கதவும் திறந்தே இருந்தது. காலக்கெடுவுக்குள் நாயைக் கருணைக்கொலை செய்துவிட்டால் மருத்துவச் செலவையும் சேர்த்து 200 பவுண்டு இழப்பீடு. வைத்துக்கொள்ள அரசுக்குப் பணம் கட்ட வேண்டும், கொன்றுவிட்டால் அரசு பணம் தரும் என்ற இந்த ஏற்பாடு ஊர்வலத்துக்கு வராதவர்களையும் கொதிக்க வைத்தது.

மறைத்தவர்கள், அனுப்பியவர்கள், கைவிட்டவர்கள்

சட்டத்தின் எல்லை எங்கே முடிகிறதோ அங்கே நாய்கள் போய்ச் சேர்ந்தன. இங்கிலாந்தும் வேல்ஸும் தடையை அறிவித்தபோது ஸ்காட்லாந்து சேரவில்லை. நாய்கள் வடக்கே கொண்டுபோகப்படுவதாகச் செய்திகள் வந்தன. 2024 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் ஹம்சா யூசஃப், வெளியிலிருந்து நாய்கள் வந்து சேர்வதைக் காரணமாகச் சொல்லித் தாமும் அதே கட்டுப்பாடுகளைக் கொண்டுவருவதாக அறிவித்தார். அதே ஆண்டில் வட அயர்லாந்தும் அயர்லாந்துக் குடியரசும் பின்தொடர்ந்தன. ஓரிடத்து வளர்ப்பவர்களின் எதிர்வினை இன்னோரிடத்துச் சட்டமாக மாறியதற்கு இது தெளிவான சான்று.

டென்வரில் முப்பது ஆண்டுகள் தடை இருந்தது. அக்காலத்தில் நாய்கள் அக்கம்பக்கத்து ஊர்களின் உறவினர் வீடுகளுக்குப் போயின. ஊருக்குள் தங்கியவை ‘பாக்ஸர் கலப்பு’, ‘லாப்ரடார் கலப்பு’ என்ற பெயர்களில் வாழ்ந்தன. மறைத்து வளர்ப்பதன் கேடு இங்கேதான். மறைக்கப்பட்ட நாயை மருத்துவரிடம் கொண்டுபோகத் தயக்கம். பயிற்சி வகுப்புக்கும் பூங்காவுக்கும் அழைத்துப்போகத் தயக்கம். பகலில் கொல்லைப்புறத்தில் அடைபட்டு, மனிதர்களோடும் பிற நாய்களோடும் பழகாமல் வளரும் நாய்தான் எல்லா நாய்களிலும் ஆபத்தானது. பயத்தில் பிறந்த சட்டம் தான் பயந்த நாயையே வளர்த்தெடுக்கும் வாய்ப்பு இங்கே இருக்கிறது.

கைவிடுதல் இன்னும் வேகமானது. 2022 ஜூலையில் லக்னோவில் வயதான ஓர் ஆசிரியை தம் வீட்டு பிட்புல்லால் கொல்லப்பட்டார். அதையடுத்த மாதங்களில் வட இந்திய நகரங்களில் இவ்வின நாய்களைத் தெருவிலும் காப்பக வாசலிலும் விட்டுப் போனவர்களைப் பற்றி விலங்கு நல அமைப்புகள் பேசத் தொடங்கின. பிரிட்டனில் காப்பகங்களின் நெருக்கடி வேறு விதமானது. 2023 டிசம்பர் 31-க்குப் பிறகு எக்ஸ்.எல். புல்லியைப் புதிய வீட்டுக்குக் கொடுப்பது சட்டவிரோதம். அன்றைய இரவுக்குள் வீடு கிடைக்காத நாய்க்கு, அது எவ்வளவு சாதுவாக இருந்தாலும், காப்பகத்திலிருந்து வெளியேற வழி அடைபட்டது. நாயை ஒப்படைப்பது அதைக் கொல்வதற்குச் சமம் என்று தெரிந்தபின், வளர்க்க முடியாதவர்களும் ஒப்படைக்கத் தயங்கினார்கள்.

நான்காவது ஒரு வழியும் உண்டு. அதைக் கண்டுபிடித்தவர்கள் விற்பவர்கள். பட்டியலில் இல்லாத, ஆனால் அதே பலமும் தோற்றமும் கொண்ட நாயை உருவாக்கி விற்பது. 1991-இன் நான்கு பெயர்களில் எக்ஸ்.எல். புல்லி இல்லை. அமெரிக்காவில் பிட்புல் மரபிலிருந்து பிரித்தெடுத்த அந்தப் பெருநாய் 2010-களில் பிரிட்டனுக்குள் வந்தபோது அது சட்டப்படி சுத்தமான நாய். பலமான நாய் வேண்டும் என்ற ஆசையைச் சட்டம் தொடவில்லை. ஆசைக்குப் புதிய பெயர் கிடைத்தது, அவ்வளவுதான்.

நீதிமன்றமும் வாக்குச்சாவடியும்

பிரிட்டனில் முதல் புகழ்பெற்ற வழக்கு டெம்ப்சி என்ற பெண் பிட்புல்லுடையது. 1992-இல் லண்டன் தெருவில் அதற்கு உடம்பு சரியில்லாமல் போகவே, கூட்டிச் சென்றவர் வாய்மூடியைக் கழற்றினார். அப்போது போலீஸ் பார்த்துவிட்டது. கொல்ல உத்தரவானது. நடிகை பிரிஜித் பார்தோ பிரான்சில் புகலிடம் தரத் தயார் என்றார். மூன்று ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 1995-இல் டெம்ப்சி தப்பியது. இப்படிப்பட்ட வழக்குகளின் அழுத்தத்தில்தான் 1997-இல் சட்டம் திருத்தப்பட்டது. கட்டாயக் கொலை போய், ஆபத்தில்லாத நாயை நிபந்தனைகளோடு வைத்துக்கொள்ள அனுமதிக்கும் அதிகாரம் நீதிபதிகளுக்கு வந்தது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களுக்குப் பெறப்பட்ட விலக்குச் சான்றின் பின்னால் அந்த வழக்குகளும் இருக்கின்றன.

எல்லா வழக்குகளும் வெல்லவில்லை. ஒன்டாரியோ வளர்ப்பவர்கள், ‘பிட்புல்’ என்ற சொல்லின் வரையறையே தெளிவில்லாதது என்று வாதாடினார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-இல் சட்டத்தை நிலைநிறுத்தியது. உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவில்லை. ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2004-இல் பாதிப் பாதியாகத் தீர்ப்பளித்தது: இறக்குமதித் தடை செல்லும், இனப்பெருக்கத் தடையைக் கூட்டரசு விதித்தது செல்லாது. நீதிமன்றங்கள் பெரும்பாலும் நாயின் குணத்தை ஆராயவில்லை. சட்டம் இயற்றியவருக்கு அதிகாரம் இருந்ததா, உரியவர்களைக் கேட்டாரா என்பதையே ஆராய்ந்தன.

வாக்குப்பெட்டி சில இடங்களில் வேகமாக வேலை செய்தது. மான்ட்ரியலில் 2016-இல் ஒரு பெண் நாய்க்கடியால் இறந்ததும் மேயர் தெனி கொதேர் பிட்புல் தடை கொண்டுவந்தார். மறு ஆண்டுத் தேர்தலில் அது பேசுபொருளானது. வென்று வந்த வலெரி பிளாண்ட் 2017 டிசம்பரில் தடையை நிறுத்தினார். டென்வரில் 2020 நவம்பரில் மக்கள் வாக்களித்துத் தடையை நீக்கி, நிபந்தனை உரிமத்துக்கு மாற்றினார்கள். ஆனால் வாக்கு எப்போதும் நாய் வளர்ப்பவர் பக்கம் விழுவதில்லை. மயாமி-டேட்டில் 2012-இல் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 63 விழுக்காட்டினர் தடை தொடரட்டும் என்றார்கள். ஃப்ளோரிடா மாநிலம் 2023-இல் தனிச் சட்டம் இயற்றிய பின்தான் அங்கே தடை முடிவுக்கு வந்தது. நாய் வளர்க்காதவருக்கும் வாக்கு உண்டு. அவருக்குத் தெருவில் பயமில்லாமல் நடக்க வேண்டும்.

வாதங்கள் எவ்வளவு தாங்கும்?

உலகெங்கும் வளர்ப்பவர்கள் சொல்வதைச் சுருக்கினால் மூன்று வாதங்கள் கிடைக்கும். குணம் இனத்தில் இல்லை, வளர்ப்பில் இருக்கிறது. தடையால் கடி குறையவில்லை. பொறுப்பற்ற சிலருக்காகப் பொறுப்பானவர்கள் தண்டிக்கப்படுகிறார்கள்.

முதல் வாதத்துக்கு ஆதாரம் உண்டு. 2022-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் விவரங்களைத் திரட்டியது. குண வேறுபாட்டில் இனத்தால் விளக்க முடிந்தது ஏறத்தாழ 9 விழுக்காடே. ஜெர்மனியின் லோயர் சாக்சனியில் பட்டியல் இன நாய்களுக்கு வைத்த அதே குணச் சோதனையை கோல்டன் ரிட்ரீவர்களுக்கும் வைத்துப் பார்த்தார்கள். குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2008-இல் அறிவித்தார்கள். ஆனால் ‘சயன்ஸ்’ ஆய்வின் குணத் தகவல்கள் வளர்ப்பவர்களே நிரப்பிய படிவங்களிலிருந்து வந்தவை. அது நாயின் குணப்போக்கை அளந்தது. கடித்தால் என்ன சேதம் என்பதை அளக்கவில்லை. பக் நாயும் கோபப்படும். அதன் கோபத்தால் யாரும் சாவதில்லை. நாற்பது, ஐம்பது கிலோ எடையும் விடாப்பிடியான தாடையும் கொண்ட நாயின் ஒரே ஒரு தவறு உயிரை எடுக்கும். இந்த வேறுபாட்டை வளர்ப்பவர்கள் தரப்பு பெரும்பாலும் நேராகச் சந்திப்பதில்லை.

இரண்டாவது வாதம் பல இடங்களில் நிற்கிறது. டென்மார்க்கின் ஒடென்சே நகர மருத்துவமனைத் தரவுகளை ஆராய்ந்தவர்கள் 2010 தடையால் கடி குறைந்ததற்குச் சான்று காணவில்லை. இங்கிலாந்தில் நாய்க்கடிக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோர் 1998-இல் இலட்சம் பேருக்கு 6.34 ஆக இருந்து 2018-இல் 14.99 ஆனார்கள், இந்தக் காலம் முழுக்க 1991 சட்டம் நடைமுறையில் இருந்தது. மறுபுறம், கனடாவின் மானிடோபா மாகாணத்தைப் பற்றிய 2013 ஆய்வு தடைக்குப் பின் மருத்துவமனைச் சேர்க்கை குறைந்ததாகச் சொன்னது. ஆக, ‘எங்கும் பலனில்லை’ என்ற முழக்கத்தைவிட ‘பலன் உறுதியில்லை’ என்பதே நேர்மையான வாசகம்.

மூன்றாவது வாதம்தான் மிக வலுவானது, மிக நுட்பமான பலவீனமும் கொண்டது. பதிவு செய்தவர் தண்டிக்கப்படுகிறார், மறைத்தவர் தப்பிக்கிறார் என்பது உண்மை. ஆனால் “என் நாய் அப்படிச் செய்யாது” என்று எல்லா வளர்ப்பவர்களும் சொல்கிறார்கள். செய்துவிட்ட நாயை வளர்த்தவர்களும் அதற்கு முந்தைய நாள்வரை அப்படித்தான் சொன்னார்கள். 2024 மே மாதம் கிழக்கு லண்டனின் ஹார்ன்சர்ச்சில் ஒரு பெண் தாம் முறைப்படி பதிவு செய்து வளர்த்த எக்ஸ்.எல். புல்லிகளாலேயே கொல்லப்பட்டார். தம் நாயைப் பற்றி வளர்ப்பவரே சிறந்த சாட்சி என்பது வீட்டுக்குள் மட்டும் சரி. அந்நியருக்கும் ஓடும் குழந்தைக்கும் எதிரே அந்த நாய் எப்படி நடக்கும் என்பதற்கு அவர் சாட்சி போதாது.

நாய் வளர்ப்பவர்கள் ஒரே குரலில் பேசவுமில்லை. பிரிட்டனில் கென்னல் கிளப், ஆர்.எஸ்.பி.சி.ஏ., டாக்ஸ் டிரஸ்ட், கால்நடை மருத்துவர் சங்கம் ஆகியவை கூட்டாகத் தடையை எதிர்த்தன. அதே நாட்டில் ‘புல்லி வாட்ச்’ என்ற அமைப்பு தடைக்காக உழைத்தது. நடைப்பயணத்தில் தம் சிறு நாய் குதறப்பட்டதைக் கண்ட வளர்ப்பவர்களுக்கு அதன் பேச்சு நியாயமாகப் பட்டது.

வளர்ப்பவரைப் பார்த்துப் பேசும் சட்டங்கள்

சில நாடுகள் பட்டியலிலிருந்து பின்வாங்கின. நெதர்லாந்து 1993-இல் கொண்டுவந்த பிட்புல் தடையை 2008-இல் விலக்கிக்கொண்டது. இத்தாலி 2009-இல் பட்டியலையே கைவிட்டு, நாயின் செயலுக்கு வளர்ப்பவர் பொறுப்பு என்ற நிலைக்கு வந்தது. லோயர் சாக்சனி இன்னும் ஒரு படி போனது. அங்கே இனப் பட்டியல் இல்லை. முதன்முறையாக நாய் வாங்குபவர் எந்த இனத்தை வாங்கினாலும் தேர்வு எழுத வேண்டும், செய்முறையிலும் தேற வேண்டும். கனடாவின் கால்கரி நகரம் உரிமம், அபராதம், கல்வி ஆகியவற்றை வைத்து நடத்திக் காட்டியது.

இச்சட்டங்களுக்கு வளர்ப்பவர்களின் எதிர்ப்பு மென்மையாக இருந்ததற்குக் காரணம் அவை இலகுவானவை என்பதல்ல. தேர்வும் கட்டணமும் எல்லோருக்கும் சுமைதான். எல்லோருக்கும் பொதுவாக இருந்ததால் யார் மேலும் இழிவு விழவில்லை. பதிவு செய்தவருக்கு நாய் பறிபோகும் பயம் இல்லை. பயம் இல்லாத இடத்தில் மறைக்கும் தேவையும் குறைகிறது. ஒப்பிட்டுப் பார்க்க, பட்டியல் முறையின் செலவை பிரிட்டனில் காணலாம். சந்தேக நாய்களைக் கூண்டில் வைத்துப் பராமரிக்கும் போலீஸ் செலவு 2018-இல் 40 இலட்சம் பவுண்டாக இருந்தது, எக்ஸ்.எல். புல்லித் தடைக்குப் பிந்தைய முதல் ஆண்டில் 2.5 கோடி பவுண்டைத் தாண்டியதாகக் காவல்துறைத் தலைவர்களே சொன்னார்கள்.

இந்தியாவும் சென்னையும்

இந்தியாவின் அனுபவம் குறுகியது, ஆனால் மேலே கண்ட எல்லாத் திசைகளும் அதில் உண்டு. காஸியாபாத் மாநகராட்சி 2022-இல் பிட்புல், ராட்வைலர், டோகோ அர்ஜென்டினோ மூன்றையும் தடை செய்தது. 2024 மார்ச் 12 அன்று ஒன்றிய கால்நடைத் துறை 23 வகை நாய்களுக்கு உரிமம் தரக்கூடாது, ஏற்கெனவே இருப்பவற்றுக்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்று மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. ராட்வைலர் வளர்ப்பவரும் நாய்ப் பயிற்சியாளரும் கர்நாடக உயர் நீதிமன்றம் சென்றார்கள். சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் எடுத்த முடிவு என்று ஏப்ரலில் அந்தக் கடிதம் ரத்தானது. டெல்லி உயர் நீதிமன்றமும் பொதுமக்களின் ஆட்சேபங்களைக் கேட்டு முடிவெடுக்கச் சொன்னது.

அடுத்த மாதமே, 2024 மே 5 அன்று, சென்னை நுங்கம்பாக்கம் பகுதிப் பூங்கா ஒன்றில் அங்கேயே தங்கியிருந்த காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறின. தமிழ்நாடு கால்நடைத் துறை 23 வகைகளுக்கும் தடை என்று அறிவித்து, உடனே அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. 2025 ஆகஸ்டில் சென்னை ஜாபர்கான்பேட்டையில் ஒருவர் பிட்புல் கடித்து இறந்தார். ஆண்டு இறுதியில் மாநகராட்சி பிட்புல், ராட்வைலர் இரண்டுக்கும் புதிய உரிமம் தருவதை நிறுத்தியது. முன்பே உரிமம் பெற்றவை கயிறும் வாய்மூடியும் இல்லாமல் வெளியே வரக்கூடாது என்றது.

நம் ஊரின் தனிச்சிக்கல், உரிமம் வாங்கும் பழக்கமே அண்மையில்தான் வந்தது என்பது. உரிமம் வாங்காத நாயைப் பொறுத்தவரை புதிய உரிமத்துக்குத் தடை என்பது காகிதச் செய்தி. முறையாகப் பதிந்து, தடுப்பூசி போட்டு வைத்திருப்பவர் பட்டியலில் தெரிவார். மொட்டை மாடியில் கட்டி வைத்திருப்பவர் தெரியமாட்டார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கே விற்பனை பெரும்பாலும் ரசீது இல்லாத வாய்மொழி வியாபாரம். ‘லைன்’ (வம்சாவளி) நல்லது, ‘பேப்பர்’ (வம்சாவளிச் சான்று) இருக்கிறது என்ற இரண்டு சொற்களில் பேரம் முடிந்துவிடும். குட்டியை விற்றவர் யார், எத்தனை விற்றார், வாங்கியவருக்கு இவ்வளவு பலமுள்ள நாயை வளர்க்க இடமும் நேரமும் உண்டா என்ற கேள்விகள் வாங்கியவரின் வாசலுக்குத்தான் வருகின்றன. விற்றவரின் வாசலுக்கு வருவதில்லை.

முடிவாக

முப்பத்தைந்து ஆண்டு அனுபவத்தைத் திரட்டிப் பார்த்தால் வளர்ப்பவர்களின் எதிர்வினைகள் கட்டுக்கடங்காத உணர்ச்சி வெள்ளமாகத் தெரியவில்லை. அவை பெரும்பாலும் சட்டத்தின் அமைப்புக்கு ஏற்பவே திரும்பின. வைத்துக்கொள்ள ஒரு வழி இருந்தபோது, அது கடினமானதாக இருந்தாலும், பெரும் எண்ணிக்கையினர் வந்து பதிந்தார்கள். பதிவுக்கும் பறிப்புக்கும் வேறுபாடு இல்லாதபோது ஒளித்தார்கள். எல்லை திறந்திருந்தபோது கடந்தார்கள். பெயர் மட்டும் தடைபட்டபோது பெயரை மாற்றினார்கள். கலந்து பேசாமல் வந்த ஆணையை நீதிமன்றத்தில் உடைத்தார்கள்.

இதிலிருந்து சட்டம் இயற்றுபவர் எடுத்துக்கொள்ள வேண்டியது, வளர்ப்பவர் சொல்வதெல்லாம் சரி என்பதல்ல. பெரிய, பலமான நாய்களுக்குக் கூடுதல் கட்டுப்பாடு தேவை என்பதை கடிபட்ட குழந்தைகளின் எண்ணிக்கைக்கு முன்னால் மறுக்க முடியாது. வாய்மூடியை அவமானமாகக் கருதுவதை வளர்ப்பவர்கள் விட்டாக வேண்டும். ஆனால் கட்டுப்பாடு நாயின் முகவெட்டைக் கேட்காமல் எடையையும் நடத்தையையும் வளர்ப்பவரின் தகுதியையும் கேட்க வேண்டும். குட்டி கைமாறும் இடத்திலேயே அது தொடங்க வேண்டும், விற்பவரையும் பொறுப்பாக்க வேண்டும். பதிவு செய்பவருக்கு அதனால் ஏதோ ஒரு பாதுகாப்பாவது கிடைக்க வேண்டும். இவை இல்லாத தடை அடுத்த விபத்துவரை மட்டுமே தாங்கும். அந்த விபத்துக்குப் பின் பட்டியலில் இன்னொரு பெயர் சேரும், அதை வளர்ப்பவர்கள் முன்பு வந்தவர்களின் வழிகளையே மறுபடி தேடிப் போவார்கள்.